நிலத்தையும் மொழியையும் காத்த மன்னன் அல்பிரட்

 

நாம் குடியேறி வாழும் இவ்விங்கிலாந்து நாட்டின் ஊர்ப்பெயர்களை நாள்தோறும் உச்சரிக்கின்றோம். பேருந்தின் நெற்றியிலும் புகையிரத நிலையத்துப் பலகையிலும் அவற்றைப் படிக்கின்றோம். ஆயின் அப்பெயர்களின் பொருள் யாது, அவற்றை இட்டவர் யாவர் என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மிற் சிலரே. டூட்டிங் என்பது டோட்டா என்பவனின் மக்கள் வாழ்ந்த இடம். வெம்பிளி என்பது வெம்பா என்பவனுக்குரிய காடு திருத்திய வெளி. ஸ்ட்ரெதம் என்பது உரோமர் அமைத்த பெருந்தெருவின் ஓரத்தே இருந்த மனை. கிங்ஸ்டன் என்பது மன்னனுக்குரிய பண்ணை. மிச்சம் என்னும் ஊர்ப்பெயர் நம் செவிக்கு எஞ்சிய பொருளைக் குறிப்பதுபோல் ஒலிப்பினும், உண்மையில் பெரிய மனை என்பதே அதன் பொருளாகும்.

இப்பெயர்களை இட்டவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இம்மண்ணில் ஏர்பூட்டி உழுத சாக்சன் குடிகள் ஆவர். ஒன்பதாம் நூற்றாண்டில் அக்குடிகளின் நிலமும் மொழியும் ஒருங்கே அழிந்துபோகும் நிலை ஏற்பட்டது. அவ்வேளையில் அவ்விரண்டையும் காக்க முற்பட்ட ஒரு மன்னனின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகின்றோம். இங்கிலாந்தின் மன்னர்களுள் மகா என்னும் அடைமொழியோடு வழங்கப்பெறும் பெயர் அவனுடையது. அவனே அல்பிரட்.

சாக்சன் குடிகளும் அவர்தம் காணிகளும்

மன்னனின் வரலாற்றை அறிவதற்கு முன்னர் அவனுடைய மக்கள் வாழ்ந்த முறையைச் சிறிது அறிதல் வேண்டும். கி.பி. 410 ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் உரோமர் ஆட்சி முடிவுற்றது. அதன்பின் ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய வட ஜேர்மனி, டென்மார்க் ஆகிய நாடுகளின் கடற்கரைகளிலிருந்து ஆங்கிலர், சாக்சனியர், யூட்டர் என்போர் படகேறி வந்து குடியேறினர். காலப்போக்கில் வெசெக்ஸ், மேர்சியா, நோர்தம்பிரியா, கிழக்கு அங்கிலியா முதலிய அரசுகள் தோன்றின. அவற்றுள் வெசெக்ஸ் என்பது தேம்ஸ் நதிக்குத் தெற்கே அமைந்திருந்த மேற்குச் சாக்சனியரின் அரசாகும்.

இவர்கள் நிலத்தை அளந்த முறை நம் சிந்தனைக்குரியது. ‘ஹைட்’ என்பது அவர்களின் நில அலகு. அது நீள அகலத்தை மட்டும் கொண்டு எழுந்த அளவு அன்று. ஒரு குடும்பம் உழுது உண்டு வாழப் போதுமான நிலமே ஒரு ஹைட் எனப்பட்டது. ஆதலின் மண்வளத்திற்கேற்ப அதன் பரப்பு இடத்துக்கிடம் வேறுபட்டது. மத்திய பகுதிகளில் அது 120 ஏக்கர் வரை விரிந்தது, வெசெக்சின் பல பகுதிகளில் அதனிற் குறைந்தது. வரி, படைச் சேவை, பாலம் அமைத்தல், அரண் கட்டுதல் ஆகிய கடமைகள் யாவும் ஹைட் கணக்கிலேயே விதிக்கப்பட்டன. காணியும் கடமையும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

ஊர்கள் பல சேர்ந்து ‘ஷயர்’ என்னும் மாவட்டமாயின. ஒவ்வொரு ஷயருக்கும் ஒரு தலைவன் இருந்தான். அவன் மன்னனின் பெயரால் நீதி வழங்கி, போர் வந்தபோது தன் மாவட்டத்துப் படையைத் திரட்டிச் சென்றான். வில்டன் என்னும் ஊரைச் சார்ந்தது வில்ட்ஷயர். இன்றைய சவுதாம்ப்டனின் பழம்பெயரான ஹாம்டனைச் சார்ந்தது ஹாம்ப்ஷயர். இப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

நிலத்தின் எல்லைகளைத் தோற்சாசனங்களில் எழுதி வைத்தனர். அவ்வெல்லைக் குறிப்பு, ஒருவர் கால்நடையாகச் சுற்றி வருவதுபோல் அமைந்திருக்கும். ஓடையிலிருந்து பழைய முள்மரத்திற்கு, அங்கிருந்து புதைமேட்டிற்கு, அங்கிருந்து பள்ளத்தின் வழியே மீண்டும் ஓடைக்கு என எல்லை தொடரும். சாசனத்தின் முதன்மைப் பகுதி இலத்தீனில் இருப்பினும், எல்லைக் குறிப்புப் பெரும்பாலும் மக்களின் தாய்மொழியிலேயே எழுதப்பட்டது. தங்கள் காணியின் எல்லையை ஊரவர் அனைவரும் விளங்கிக்கொள்ள வேண்டுமல்லவா?

ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்சை ஆண்ட இனே என்னும் மன்னனின் சட்டங்கள் இவ்வாழ்வை மேலும் விளக்குகின்றன. உழவர் சிலர் பொதுப் புல்வெளியையோ பகிர்ந்த வயலையோ உடையவராயின், அவரவர் பங்கிற்கு அவரவரே வேலி அடைத்தல் வேண்டும். சிலர் அடைத்துச் சிலர் அடையாது விட, அவ்விடைவெளியால் மாடு புகுந்து அனைவரது பயிரையும் மேய்ந்துவிடுமாயின், வேலி அடையாதவரே ஏனையோர்க்கு நட்டஈடு கொடுத்தல் வேண்டும். வேலியின் அருமை நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. காட்டு மரத்தை எரித்தவனுக்கு வெட்டியவனைவிடப் பெருந்தண்டம் விதிக்கப்பட்டது. கோடரியின் ஓசை ஊருக்குக் கேட்கும். தீயோ ஓசையின்றித் தன் வேலையை முடித்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

இனேயின் இச்சட்டங்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணமானவன் அல்பிரட் மன்னனே. தான் தொகுத்த சட்டநூலின் இறுதியில் அவற்றையும் சேர்த்து அவன் பேணி வைத்தான்.

பிறப்பும் இளமையும்

அல்பிரட் கி.பி. 849 ஆம் ஆண்டில் வான்டேஜ் என்னும் ஊரில் பிறந்தான் என்று அவனது வரலாற்றை எழுதிய அசர் என்னும் துறவி குறிப்பிடுகின்றார். தந்தை எதெல்வுல்ப் வெசெக்சின் மன்னன். தாய் ஒஸ்பர். தமையன்மார் பலர் இருந்தமையால் இளையவனான அல்பிரட் அரசனாவான் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். சிறுவனாக இருக்கும்போதே 853 ஆம் ஆண்டில் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டான்; 855 இல் தந்தையுடன் மீண்டும் அங்குச் சென்றான்.

அவனது குழந்தைப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றை அசர் எழுதியுள்ளார். தாய் ஒருநாள் அழகிய எழுத்துகளால் அலங்கரிக்கப்பட்ட சாக்சன் பாடல் நூலொன்றைத் தன் மைந்தர்க்குக் காட்டி, அதனை முதலில் கற்றுக்கொள்பவனுக்கே அதனைத் தருவதாக வாக்களித்தாள். அப்போது அல்பிரட்டுக்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் நூலை ஆசிரியரிடம் எடுத்துச் சென்று, அவர் படிக்கக் கேட்டு மனனம் செய்து, தாயிடம் வந்து ஒப்புவித்துப் பரிசைப் பெற்றான். தாய் காட்டிய தாய்மொழி நூலே அவன் உள்ளத்தில் கல்வி வேட்கையை மூட்டியது எனலாம். எனினும் தக்க ஆசிரியர் அக்காலத்தில் வாய்க்கவில்லை. தன் இளமையில் கற்க நேரம் இருந்தபோது கற்பிப்பார் இல்லையே என்று மன்னன் பிற்காலத்தில் வருந்தினான் என அசர் கூறுகின்றார்.

சூழ்ந்த பேரிடர்

865 ஆம் ஆண்டில் டேனியரின் பெரும்படை கிழக்கு அங்கிலியாவில் வந்திறங்கியது. முன்னர் வந்த வைக்கிங் கூட்டத்தார் கொள்ளையிட்டு மீண்டனர். இவர்களோ நாட்டைக் கைப்பற்றித் தங்கவே வந்தனர். 866 இல் யோர்க் நகர் வீழ்ந்தது. 869 இல் கிழக்கு அங்கிலிய மன்னன் எட்மண்ட் கொல்லப்பட்டான். 874 இல் மேர்சிய மன்னன் பேர்கிரெட், இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட தன் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, உரோமாபுரியை அடைந்து அங்கேயே மாண்டான். அவன் அல்பிரட்டின் சகோதரியை மணந்தவன் ஆவான்.

வெசெக்சிலோ தமையன்மார் மூவர் ஒருவர்பின் ஒருவராக அரசாண்டு மறைந்தனர். 871 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அஷ்டவுன் என்னும் இடத்தில் தமையன் எதெல்ரெட்டுடன் இணைந்து அல்பிரட் டேனியரை வென்றான். ஆயின் அடுத்து வந்த போர்களில் தோல்வியே நேர்ந்தது. ஏப்ரில் மாதத்தில் எதெல்ரெட் இறக்க, இருபது வயது சற்றே கடந்த அல்பிரட் முடிசூடினான். அவ்வோராண்டில் மட்டும் தேம்ஸ் நதிக்குத் தெற்கே ஒன்பது பெரும்போர்கள் நிகழ்ந்தன என்று அக்கால வரலாற்றேடு கூறும். போரால் இளைத்த மன்னன் பகைவருடன் சமாதானம் செய்து காலத்தை ஈட்டிக்கொண்டான்.

அவன் உடல்நலமும் நன்றாக இருக்கவில்லை. 868 இல் மேர்சியப் பெருமகள் எல்ஸ்வித்தை மணந்தபோது தொடங்கிய வயிற்று நோய் நெடுங்காலம் அவனை வருத்தியது.

சதுப்பு நிலத்தில் மன்னன்

878 ஆம் ஆண்டு சனவரி மாதம், நத்தார்ப் பண்டிகைக் காலம் முடிந்த சில நாள்களுக்குள், குத்ரம் என்னும் டேனியத் தலைவன் சிப்பன்ஹாமில் இருந்த அரச மாளிகையை எதிர்பாராத வகையில் கைப்பற்றினான். வெசெக்சின் மக்களிற் பலர் பணிந்தனர். பலர் கடல் கடந்து ஓடினர். ஓடியவரைப் பழித்துரைத்தல் நம் நோக்கம் அன்று. புலம்பெயர்ந்து வந்த நாம் அதனைச் சொல்லத் தக்கவரும் அல்லர். உயிரையும் பிள்ளைகளையும் காத்தலும் ஒரு கடமையே.

அல்பிரட் சிறு குழுவினருடன் சமர்செட்டின் காடுகளிலும் சேற்று நிலங்களிலும் அலைந்தான். அப்பகுதி மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்ந்து கடல்போல் காட்சியளிக்கும். அதன் நடுவே மேடாக நின்ற அதெல்னி என்னும் சிறு தீவில் அந்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறு அளவில் ஓர் அரண் அமைத்தான். வழி அறிந்தவரன்றிப் பிறர் அங்கே நுழைதல் அரிது. பாடநூல்களில் நீங்கள் படித்திருக்கும் கதை ஒன்று உண்டு. மாறுவேடத்தில் இருந்த மன்னன் ஒரு குடிசையில் அடுப்பிலிருந்த அப்பங்களைக் கருகவிட்டு வீட்டுக்காரியிடம் ஏச்சு வாங்கினான் என்பதே அது. இக்கதை அசர் தம் காலத்தில் எழுதிய வரலாற்றில் இடம்பெற்றதன்று. மன்னன் இறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் எழுந்த ஒரு புனிதரின் வரலாற்றிலேயே முதலில் வருகின்றது. எனினும் நாடிழந்த மன்னன் எளியவரின் அடுப்பங்கரையில் ஒதுங்கிய நிலையை மக்கள் மறக்கவில்லை என்பதற்கு அது சான்றாகும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுளது. குத்ரம் மாளிகையைக் கைப்பற்றினானேயன்றி மாவட்டங்களின் கட்டமைப்பைக் கைப்பற்றினானல்லன். எந்த ஊரார் எந்தத் தலைவன்பின் திரளவேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. ஆதலின் மே மாதத்தில் எக்பர்ட்டின் கல் எனப்பட்ட இடத்திற்கு மன்னன் வந்தபோது, சமர்செட், வில்ட்ஷயர் மாவட்டத்தார் முழுமையாகவும் ஹாம்ப்ஷயரில் ஒரு பகுதியினரும் வந்து கூடினர். இறந்தவன் உயிர்பெற்று மீண்டாற்போல் அவனைக் கண்டு மகிழ்ந்தனர் என்பர். இரண்டு நாள்களுக்குள் எடிங்டன் என்னும் இடத்தில் டேனியப் படை முறியடிக்கப்பட்டது. ஓடிய பகைவரின் கோட்டையைப் பதினான்கு நாள் முற்றுகையிட, பசியாலும் குளிராலும் வாடி அவர்கள் பணிந்தனர்.

பணிந்தவனைக் கொல்லாது, குத்ரமையும் அவன் துணைவர் முப்பதின்மரையும் கிறிஸ்தவ சமயத்தில் ஏற்று, அவனுக்குத் தானே ஞானத் தந்தையாக நின்றான் அல்பிரட். பின்னர் இருவரும் எழுதிக்கொண்ட உடன்படிக்கையில் எல்லைக்கோடு ஒன்று வகுக்கப்பட்டது. தேம்ஸ் நதி வழியே சென்று, லீ ஆற்றின் வழியே அதன் ஊற்றுவரை ஏறி, அங்கிருந்து நேராகப் பெட்போர்ட் சென்று, பின் ஊஸ் ஆற்றின் வழியே உரோமர் அமைத்த வாட்லிங் பெருந்தெருவை அது அடைந்தது. கிழக்கு இலண்டனில் வாழும் பிள்ளைகளே, நீங்கள் பாலத்தின்மீது கடந்து செல்லும் லீ ஆறு ஒரு காலத்தில் இரு நாடுகளின் எல்லையாக இருந்தது.

ஒவ்வொரு குடும்பத்திற்கும் நான்கடி மதில்

வெற்றி பெற்றவுடன் அல்பிரட் ஓய்ந்திருக்கவில்லை. தன் நாடு ஏன் அத்துணை எளிதில் வீழ்ந்தது என்று சிந்தித்தான். பகைவர் கப்பலிலும் குதிரையிலும் விரைந்து வந்தனர். உழவர்கள் திரண்டு வருவதற்குள் ஊர்கள் எரிந்து முடிந்தன. எனவே நாடெங்கும் அரண் சூழ்ந்த ஊர்களை நிறுவினான். ‘பர்ஹ்’ என்பது அவற்றின் சாக்சன் பெயர். இன்று நம் நகராட்சிகளைக் குறிக்கும் ‘பரோ’ என்னும் சொல்லும், ஷாப்ட்ஸ்பரி, மாம்ஸ்பரி முதலிய ஊர்ப்பெயர்களின் ஈறும் அச்சொல்லின் வழிவந்தவையே.

வின்செஸ்டர், எக்ஸ்டர் போன்ற இடங்களில் உரோமர் விட்டுச் சென்ற கல்மதில்கள் திருத்தப்பட்டன. வாலிங்போர்ட், வெயர்ஹாம் போன்ற இடங்களில் ஆழமான அகழி வெட்டி, அம்மண்ணையே உயர்ந்த மதிலாக எழுப்பி, மரவேலியும் அமைத்தனர். அம்மண்மதில்களை இன்றும் நேரிற் காணலாம். வெசெக்சின் எவ்வூரிலிருந்து புறப்பட்டாலும் சுமார் இருபது மைல் தொலைவிற்குள், அஃதாவது ஒருநாள் நடைத் தூரத்தில், ஓர் அரண் ஊர் இருக்குமாறு அவை பரந்து அமைந்தன. இடர் வருங்கால் மக்கள் தம் பிள்ளைகளோடும் கால்நடைகளோடும் அங்கே புகலிடம் பெறலாம்.

இவ்வரண்களைக் காப்பவர் யார்? இதற்கான கணக்கு அவன் மகன் எட்வேர்ட்டின் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தில் உள்ளது. அதில் முப்பதுக்கு மேற்பட்ட அரண் ஊர்களும், ஒவ்வொன்றிற்கும் உரிய ஹைட்களின் தொகையும் குறிக்கப்பட்டுள்ளன. விதி மிக எளிது. ஒரு ஹைட் நிலத்திற்கு ஓர் ஆள். பதினாறரை அடி மதிலுக்கு நான்கு ஆள்கள். அவ்வாறாயின் ஒவ்வொருவனும் காக்க வேண்டிய மதில் நான்கடிக்குச் சற்று மேல்.

மாணவர்களே, இக்கணக்கை நீங்களே செய்து பார்க்கலாம். வின்செஸ்டருக்கு உரியவை 2,400 ஹைட்கள். எனவே 2,400 ஆள்கள். நால்வருக்குப் பதினாறரை அடி எனின் 600 பங்குகள். மொத்தம் 9,900 அடி. வின்செஸ்டரின் பழைய உரோமர் மதிலை இக்காலத்தவர் அளந்தபோது அதன் நீளம் ஏறத்தாழ அதே அளவாக இருந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எவ்வளவு நேர்மையாகக் கணக்கிட்டுள்ளனர் என்பது வியப்பிற்குரியது. நாடு முழுவதிலும் இவ்வாறு குறிக்கப்பட்ட ஆள்தொகை ஏறத்தாழ 27,000 ஆகும்.

அரண் ஊர்கள் போருக்கு மட்டும் உரியனவாக இருக்கவில்லை. வின்செஸ்டரில் ஒரு நெடுந்தெருவும், அதற்குச் செங்குத்தாகக் குறுக்குத் தெருக்களும், மதிலின் உட்புறமாக ஒரு தெருவும் ஒழுங்குற அமைக்கப்பட்டன. இன்றும் அந்நகரின் தெருக்கள் பல அவ்வொழுங்கிலேயே உள்ளன. அரண் ஊர்களிற் சந்தைகள் கூடின. பலவற்றில் நாணயமும் அச்சிடப்பட்டது. 886 ஆம் ஆண்டில் இலண்டன் அல்பிரட்டின் வசமானது. அதுவரை மதிலுக்கு வெளியே இன்றைய ஸ்ட்ராண்ட் பகுதியில் இருந்த வணிகக் குடியிருப்பு, பழைய உரோமர் மதிலின் உள்ளே மாறியது. கைவிடப்பட்ட இடத்தின் நினைவு ஓல்ட்விச் என்னும் பெயரில் நிற்கின்றது. பழைய குடியிருப்பு என்பதே அதன் பொருள்.

அரண் கட்டும் வேலையை மக்கள் எல்லோரும் விரும்பி ஏற்றனர் என்று கருதலாகாது. மன்னன் அன்பாகச் சொல்லியும், வற்புறுத்தியும், ஈற்றில் தண்டித்தும் வேலை வாங்க நேர்ந்தது என அசர் எழுதுகின்றார். 892 ஆம் ஆண்டில் புதியதொரு டேனியப் படை 250 கப்பல்களில் கென்ட் கரையை அடைந்தது. ஆற்றின் வழியே ஏறிய அவர்கள் முதலிற் கண்டது பாதி கட்டிய அரண் ஒன்றையே. அதனுள் உழவர் சிலர் மட்டுமே இருந்தனர். அவ்வரண் உடனே வீழ்ந்தது. கட்டாது விட்ட பாதிக்கு யார் பொறுப்பு என்பதை அவ்வுழவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

ஆயின் கட்டி முடித்த அரண்கள் தாங்கின. படையையும் மன்னன் இரு கூறாக வகுத்திருந்தான். ஒரு கூறு களத்தில் நிற்க, மறுகூறு வீட்டிலிருந்து வயலைப் பார்த்தது. 895 ஆம் ஆண்டில் பகைவர் இலண்டனுக்கு இருபது மைல் வடக்கே லீ ஆற்றங்கரையில் பாசறை அமைத்தபோது, அறுவடைக் காலத்தில் மன்னன் தானே படையுடன் அருகில் தங்கி, உழவர் அச்சமின்றிக் கதிர் அறுக்கக் காவல் நின்றான். பின் ஆற்றின் இருமருங்கிலும் அரண் எழுப்பி நீர்வழியை அடைக்க, டேனியர் தம் கப்பல்களைக் கைவிட்டு நீங்கினர். 896 இல் அப்படை கலைந்து சென்றது.

சட்டமும் காலக் கணக்கும்

போரின் நடுவிலும் நீதியை அவன் மறக்கவில்லை. கிளைஞரும் ஊரவரும் பழிக்குப் பழி வாங்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றினான். எனினும் உண்மையை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. அச்சமுதாயத்தில் அடிமைகளும் இருந்தனர். சுதந்திர மனிதர்க்கு ஆண்டில் முப்பதுக்கு மேற்பட்ட விடுமுறை நாள்களை வழங்கிய அதே சட்டம், அடிமைகளுக்கு நான்கு புதன்கிழமைகளையே, தம் சிறு பொருள்களை விற்பதற்கென வழங்கிற்று. மன்னனின் பெருமையை நாம் போற்றுங்கால் இக்குறையையும் அறிந்திருத்தல் நன்று.

மணிக்கூடு இல்லாத அக்காலத்தில் நேரத்தை அளக்க ஒரு வழியும் கண்டான். ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் எரியும் ஆறு மெழுகுதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றச் செய்தான். ஆறும் எரிந்து முடிய ஒரு பகலும் ஓர் இரவும் கழியும். காற்றில் சுடர் அலைந்து கணக்குப் பிழைத்தமையால், மாட்டுக்கொம்பை ஒளி ஊடுருவும் வண்ணம் மெல்லியதாகச் சீவி, மரச்சட்டத்திற் பொருத்தி விளக்குக்கூடு செய்வித்தான்.

தாய்மொழியில் ஏடு

மதில் மட்டும் ஒரு மக்களைக் காக்கும் என்று அல்பிரட் நம்பவில்லை. மடங்கள் எரிந்தன, நூல்கள் அழிந்தன, கற்றோர் மறைந்தனர். தான் முடிசூடிய காலத்தில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே இலத்தீன் கடிதமொன்றைத் தாய்மொழியில் பெயர்க்க வல்லார் ஒருவரையும் தன்னால் நினைவுகூர முடியவில்லை என்று அவன் எழுதினான். கல்வி மொழியான இலத்தீன் எல்லோர்க்கும் எட்டாது என்று கண்டு, மக்கள் யாவரும் அறிய வேண்டிய நூல்களை அவர்கள் பேசும் ஆங்கிலத்திலேயே ஆக்க முடிவு செய்தான்.

உள்ளூரில் ஆசிரியர் இலராகவே வெளியிலிருந்து வரவழைத்தான். மேர்சியாவிலிருந்து வெர்பெர்த், பிளெக்மண்ட், வேல்சிலிருந்து அசர், கடல் கடந்து கிரிம்பால்ட், பழைய சாக்சனி நாட்டு ஜோன் ஆகியோர் வந்தனர். மன்னனும் மாணவனாக அமர்ந்தான். 887 ஆம் ஆண்டில், ஏறத்தாழ முப்பத்தெட்டு வயதில், இலத்தீனைப் படித்துப் பொருள்கூறத் தொடங்கினான். திருத்தந்தை கிரகரி ஆயர்களின் கடமை பற்றி எழுதிய நூல் இவ்வறிஞர் துணையுடன் ஆங்கிலமாகி, மறைமாவட்டந்தோறும் அனுப்பப்பட்டது. அவற்றுள் வூஸ்டர் நகருக்கு அனுப்பிய படி இன்றும் ஒக்ஸ்போர்ட் நூலகத்தில் உள்ளது. ஆண்டுதோறும் நிகழ்ந்தவற்றை ஆங்கிலத்தில் எழுதும் வரலாற்றேடும் அவன் காலத்தில் தொகுக்கப்பட்டது. 1154 வரை அதனைப் பலர் தொடர்ந்து எழுதினர்.

வசதியுடைய சுதந்திர மனிதரின் பிள்ளைகள் அனைவரும் முதலில் ஆங்கில எழுத்தைப் பிழையறப் படிக்கக் கற்றல் வேண்டும் என்பது மன்னனின் திட்டம். மேற்கல்வி விழைவோர் அதன்பின்னரே இலத்தீன் பயிலலாம். தாய்மொழியை விட்டுவிட்டுப் பிறமொழிக்குச் செல்லுமாறு அவன் சொல்லவில்லை. பிறமொழி வேண்டா என்றும் சொல்லவில்லை.

நீதி வழங்கும் அதிகாரிகள் படிக்கத் தெரியாதிருந்தால், கற்க வேண்டும் அன்றேல் பதவி துறக்க வேண்டும் என ஆணையிட்டான். நரை கண்ட பெரியவர்கள் எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றனர். எவ்வளவு முயன்றும் இயலாதவர், தம் மகனையோ உறவினனையோ அருகிருத்தி, சாக்சன் நூல்களை இரவும் பகலும் வாசிக்கச் செய்து கேட்டனர். இளமையில் தமக்கு வாய்க்காத கல்வி இன்றைய பிள்ளைகளுக்கு வாய்த்ததே என்று அவர்கள் பெருமூச்செறிந்தனர் என அசர் கூறுகின்றார். மன்னனின் வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் தொடும் இடம் இதுவே.

நம் நாட்டினரின் ஆர்வத்திற்குரிய குறிப்பொன்றும் உளது. 883 ஆம் ஆண்டில் மன்னன் உரோமாபுரிக்கும், இந்தியாவில் புனித தோமையாருக்கும் காணிக்கை அனுப்பினான் என்று வரலாற்றேட்டின் சில படிகள் கூறுகின்றன. வேறு சில படிகளில் இந்தியா என்னும் இடத்தில் யூதேயா என்று உள்ளது. தோமையாரின் கல்லறை மயிலாப்பூரில் உளதென்பது மரபாதலின், அக்காணிக்கை தமிழ் மண்ணை நோக்கி அனுப்பப்பட்டதாகவே கொள்வோரும் உளர்.

மறைவும் நினைவும்

அல்பிரட் 899 ஆம் ஆண்டு அக்டோபர் 26 ஆம் நாள் மறைந்தான். வின்செஸ்டரில் அடக்கம் செய்யப்பட்டான். அவன் மகள் எதெல்பிளெட் மேர்சியாவை ஆண்டு, தந்தை வழியில் டாம்வேர்த், ஸ்டாபோர்ட் முதலிய அரண் ஊர்களை எழுப்பினாள். பேரன் அதெல்ஸ்தான் 927 இல் இங்கிலாந்து முழுவதற்கும் மன்னனானான். தாத்தாவின் கல்லறை பிற்காலத்தில் சிதைந்து போயிற்று. ஆயின் 1693 இல் அதெல்னிக்குச் சில மைல் தொலைவில் பொன்னாலான சிறு அணியொன்று மண்ணிலிருந்து கிடைத்தது. அல்பிரட் தன்னைச் செய்வித்தான் எனப் பொருள்படும் எழுத்துகள் அதில் உள. ஏட்டின் வரிகளைச் சுட்டிப் படிக்கும் கோலின் கைப்பிடியாக அது இருந்திருக்கலாம் என அறிஞர் கருதுவர். அதனை ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் அருங்காட்சியகத்திற் காணலாம். பெற்றோர் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வாராக. வாளை விடுத்து எழுத்துக்கோலுக்குப் பொன் வார்த்த மன்னனை அவர்கள் அங்கே காண்பர்.

ஒரு தனி வீரனின் வலிமையால் வெசெக்ஸ் நிலைக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கான நான்கடி மதிலில் நின்றதாலேயே அது நிலைத்தது. மொழியும் அவ்வாறே. சனிக்கிழமை காலையில் உறக்கத்தை விட்டு எழுந்து, குளிரில் நடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை தன் நான்கடியிலே நிற்கின்றது. வேலைக் களைப்போடு பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரும் தம் பங்கில் நிற்கின்றனர். வீட்டில் மூத்தோர் இருப்பின், மாலையில் அவர் அருகில் அமர்ந்து தமிழ் நூலின் ஒரு பக்கத்தையேனும் வாசித்துக் காட்டுங்கள். கண்பார்வை மங்கிய பாட்டனாரும் பாட்டியாரும் கேட்டு மகிழ்வர். வாசிக்கும் நாவும் திருந்தும். இவ்வாண்டு விழாவிலே பிள்ளைகள் அனைவரிடமும் நாம் வேண்டுவது இவ்வளவே.